ரோந்தில் முதுகெலும்பு உடைந்த தம்பிக்குச் சட்டம் என்ன தரும்?

கேட்டிருக்கும் சகோதரியின் நிலைமை இது. தம்பி தரைப்படையில் நாயக், 13 வருட சேவை. காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டருகே பனியில் ரோந்து போனபோது சரிவில் உருண்டு முதுகெலும்பு உடைந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து ராணுவ மருத்துவமனையில் இருக்கிறார், ஒரு கால் இன்னும் சரியாக வேலை செய்யவில்லை. சில மாதங்களில் மெடிக்கல் போர்டு (உடல்நிலையை மதிப்பிடும் ராணுவ டாக்டர்கள் குழு) உட்காரும் என்று சொல்லியிருக்கிறார்கள். "15 வருஷம் முடியல, அதனால பென்ஷன் கிடையாது, சும்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்று ஊரில் யாரோ சொல்ல, வீடே கலங்கிப் போயிருக்கிறது. வேலை போகுமா, பென்ஷன் உண்டா, வெளியே வந்தபின் வைத்தியத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறார்.

முதலில் அந்த 15 வருடக் கதையை ஒதுக்கி வையுங்கள். காயம், நோய் எதுவும் இல்லாமல் ஓய்வு பெறுகிற சிப்பாய்க்குத்தான் அந்தக் கணக்கு. பணியால் வந்த காயத்துக்காக வெளியே அனுப்பப்படுகிறவருக்குக் குறைந்தபட்ச சேவை என்று எதுவும் கிடையாது. பழைய முறையில், அதாவது அக்னிவீராக இல்லாமல், சேர்ந்தவராக இருந்தால், முதல் போஸ்டிங்கிலேயே காலை இழந்தவருக்கும் பென்ஷன் உண்டு. உங்கள் தம்பி விஷயத்தில் யோசிக்க வேண்டியது எந்தப் பென்ஷன், எவ்வளவு என்பதைத்தான். அதைப் பெருமளவு முடிவு செய்வது, அவர் விழுந்த நாளையொட்டி யூனிட்டில் என்ன எழுதி வைத்தார்கள் என்பது. இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது அதை.

நான் மருத்துவப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். போர்டுக்குப் போகும் கோப்புகளைக் கட்டி வைப்பதுதான் வேலை. ஒரே மாதிரி காயம், ஒரே மாதிரி இடம், ஆனால் ஒருவருக்கு ஒரு பென்ஷன், இன்னொருவருக்கு அதில் பாதி என்று போன கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு லான்ஸ் நாயக், மண்ணெண்ணெய் ஜெரிக்கேனை முதுகில் கட்டிக்கொண்டு மேல் போஸ்ட்டுக்கு ஏறும்போது வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். காய அறிக்கையில் இருந்தது ஒரே வரி: "பனியில் நடக்கும்போது வழுக்கி விழுந்தார்." சுமையைக் காணோம். எந்த போஸ்ட் என்று காணோம். யார் அனுப்பினார்கள் என்றும் காணோம். போர்டில் உட்கார்ந்த டாக்டர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். பிறகு அதைத் திருத்த, கூடப் போனவர்களின் வாக்குமூலம் தேடி அலைய வேண்டியிருந்தது. அதற்குள் அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்று பீகாரில் தன் ஊருக்கே போய்விட்டார்.

அதனால் தம்பி மருத்துவமனையில் இருக்கும்போதே மூன்று காகிதங்களைப் பற்றி யூனிட்டில் விசாரிக்கச் சொல்லுங்கள். முதலாவது காய அறிக்கை. ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 என்பது அதன் படிவ எண், யூனிட்டில் அந்த எண்ணைச் சொன்னாலே போதும். காயம் பட்டபோது பணியில் இருந்தாரா என்று அதில் கமாண்டிங் ஆபீசர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவது கோர்ட் ஆஃப் என்கொயரி, அதாவது ராணுவத்துக்குள் நடக்கும் விசாரணை. ராணுவ ஒழுங்குமுறைகளின் 520-வது பத்தி, காயமடைந்த சிப்பாய் விஷயத்தில் எப்போது விசாரணை வேண்டும், அதில் என்ன பதிவாக வேண்டும் என்று சொல்கிறது. கூட ரோந்து போனவர்களின் வாக்குமூலம் அதில் இருக்கிறதா, ரோந்துக்கு உத்தரவு கொடுத்தது யார், எந்த ஆபரேஷனின் கீழ் போனார்கள் என்பது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது பார்ட் டூ ஆர்டர், சிப்பாய்க்கு நேர்வதை யூனிட் பதிந்து வெளியிடும் ஆணை. அதில் இந்தச் சம்பவம் 'பேட்டில் கேஷுவாலிட்டி' (போர் நடவடிக்கையில் வந்த பாதிப்பு) என்று வந்திருக்கிறதா, 'ஃபிசிகல் கேஷுவாலிட்டி' (மற்றபடி வந்த பாதிப்பு) என்று வந்திருக்கிறதா? பணம் முழுக்க இந்த இடத்தில்தான் பிரிகிறது.

எப்படி என்று சொல்கிறேன். பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31 அன்று போட்ட ஆணை ஒன்று இருக்கிறது. படைவீரரின் மரணத்தையும் ஊனத்தையும் அது ஏ முதல் ஈ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. 'ஏ' என்பது பணியோடு தொடர்பே இல்லாத இயற்கைக் காரணம். 'பி' பணிச் சூழலால் வந்த அல்லது முற்றிய நோய். 'சி' பணியின்போது நடந்த விபத்து: ராணுவ வண்டி கவிழ்வது, மின்சாரம் தாக்குவது, யூனிட் நடத்தும் விளையாட்டில் அடிபடுவது போன்றவை. 'டி' பற்றி இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. 'ஈ' என்பதுதான் போர் வகை. எதிரியோடு சண்டை, எல்லை மோதல், கண்ணிவெடி பதிப்பது எடுப்பது, தீவிரவாதிகளோடு மோதல், அரசு தனியாக அறிவித்த ஆபரேஷன்கள் எல்லாம் இதில் வரும். 'ஈ' வகைக்கு 'வார் இன்ஜுரி' பென்ஷன். 'பி', 'சி' வகைகளுக்குச் சாதாரண ஊன ஓய்வூதியம், அதாவது எல்லோரும் சொல்லும் டிஸ்எபிலிட்டி பென்ஷன்.

கணக்குக்காகக் கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போர்டு 40 சதவீத ஊனம் என்று போட்டு வெளியே அனுப்புகிறது. இரண்டு வகையிலும் முதலில் சேவைப் பங்கு வரும், ஊதியத்தில் பாதி, 20,000. அடுத்தது ஊனப் பங்கு. இதில் ஒரு சலுகை உண்டு. 50-க்குக் கீழே எவ்வளவு போட்டாலும் 50 ஆகவும், 50-லிருந்து 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். ஆக 40 என்பது 50 ஆகிவிடும். சாதாரண வகையில் 100 சதவீத ஊனத்துக்கு ஊதியத்தில் 30 சதவீதம் என்பது விதி, 50-க்கு அதில் பாதி, 6,000. மொத்தம் 26,000. வார் இன்ஜுரி வகையில் 100 சதவீத ஊனத்துக்கு ஊதியம் முழுவதும், 50-க்கு 20,000. மொத்தம் 40,000. இரண்டுக்கும் மேல் அகவிலைப்படி தனி. அதே முதுகெலும்பு, அதே 40 சதவீதம், மாதம் 14,000 வித்தியாசம், ஆயுள் முழுவதும்.

சரி, சண்டையே நடக்கவில்லையே, சரிவில் விழுந்ததுதானே, இது எப்படிப் போர் வகை ஆகும்? நியாயமான கேள்வி. தம்பி ரோந்து போனது அரசு அறிவித்த ஆபரேஷனின் கீழ் என்றால் வாதாட வலுவான இடம் இருக்கிறது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சரோஜ் தேவி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர் கணவரும் ஒரு நாயக். 2013 ஜனவரியில் ஜம்மு காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டருகே, ஆபரேஷன் ரக்ஷக் என்ற தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையின் கீழ், கடும் குளிரில் ரோந்து போன இடத்தில் உடல் நிலை மோசமாகி இறந்தவர். முதலில் 'பேட்டில் கேஷுவாலிட்டி' என்று எழுதி, பிறகு 'ஃபிசிகல் கேஷுவாலிட்டி' என்று மாற்றியிருந்தார்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அந்த அம்மாவுக்குச் சாதகமாகச் சொன்னதை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியதோடு, இறந்துபோன சிப்பாயின் மனைவியை இவ்வளவு தூரம் இழுத்திருக்கவே கூடாது என்று கண்டித்து 50,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. அது குடும்ப ஓய்வூதிய வழக்கு, உங்களுடையது காயம். ஆனால் எல்லைக்கோட்டில் குளிரும் பனியும் பணியின் பகுதிதான் என்ற தர்க்கம் ஒன்றேதான்.

வேலை போகுமா என்பதற்கு வருகிறேன். இதில் சட்டம் சிப்பாயைக் கொஞ்சம் கைவிட்டுத்தான் இருக்கிறது. மற்ற அரசு ஊழியர் ஒருவர் பணியில் இருக்கும்போது ஊனமடைந்தால் அவரை வெளியேற்றவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-வது பிரிவு. பழைய 1995 சட்டத்தின் 47-வது பிரிவும் இதையே சொன்னது. அதன்படி 2003-ல் குணால் சிங் என்ற, எஸ்.எஸ்.பி. என்கிற மத்தியப் படையின் காவலர், பணியில் ஒரு காலை இழந்தவர், உச்ச நீதிமன்றம் போய் வேலையைத் திரும்பப் பெற்றார். ஆனால் 2021 ஆகஸ்ட் 18 அன்று வந்த அறிவிக்கை, ஆயுதப்படைகளின் போர்ப் பணியிடங்கள் ('கம்பேட்டன்ட்') அத்தனைக்கும் அந்தப் பிரிவிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. துப்பாக்கி தூக்க முடியாதவரைப் பிரிவில் வைத்திருக்க முடியாது என்பது அரசின் வாதம். யூனிட்டில் ஸ்டோர், எழுத்தர் வேலை, பயிற்சிப் பள்ளி என்று எத்தனையோ இடம் இருக்கும்போது ஒட்டுமொத்த விலக்கு எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதற்காக இஷ்டத்துக்கு அனுப்பிவிடவும் முடியாது. காயம் ஆறியபின் தம்பியைக் கீழ் மருத்துவ வகையில் வைப்பார்கள், பட்டாளத்துப் பேச்சில் 'கேட்டகரி டவுன்'. அதிலேயே பல வருடம் இலகுவான வேலையில் தொடர்கிறவர்கள் ஏராளம். 13 வருடம் முடித்த நாயக்கை, 'ஷெல்டர்டு அப்பாயின்ட்மென்ட்' என்கிற இலகு பணியிடம் கொடுத்து வைத்துக்கொள்ள கமாண்டிங் ஆபீசர் பரிந்துரைத்தால் பெரும்பாலும் நடக்கும். அப்படி இல்லாமல், மருத்துவக் காரணத்தால் முடியாது, வெளியே போ என்றால், அதற்கு 'இன்வாலிடிங் மெடிக்கல் போர்டு' உட்கார்ந்தே ஆகவேண்டும். கீழ் வகை என்ற ஒரே காரணத்தைக் காட்டி, அந்தப் போர்டு இல்லாமல் அனுப்பியது செல்லாது என்று ராஜ்பால் சிங் வழக்கில் 2008 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'ரிலீஸ் மெடிக்கல் போர்டு' என்பது வேறு, அது சேவைக் காலம் முடிந்து போகிறவருக்கு. இரண்டுக்கும் படிவம் ஒன்றுதான், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16, அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மேலே எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வெளியேற்றப்படுகிறவருக்கு வார் இன்ஜுரி பங்கு 100 சதவீத ஊனத்துக்கு முழு ஊதியம் என்றேன். காலம் முடிந்து போகிறவருக்கு அது 60 சதவீதம்தான்.

காயத்தோடு பணியில் தொடர்ந்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இயன் கார்டோசோ. 1971 போரில் கண்ணிவெடியில் கால் சிதைந்து, தன் குக்ரியாலேயே (கூர்க்கா கத்தி) அதைத் தானே வெட்டிக்கொண்டவர். அப்புறம் மரக்காலோடு பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் தலைமை தாங்கி மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார்.

பணியில் தொடர்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. அப்படித் தொடர்கிறவரிடம், ஊனப் பங்குக்குப் பதிலாக ஒரே தடவையில் மொத்தத் தொகை வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். வாங்கிவிட்டால், பிற்பாடு ஓய்வு பெறும்போது அந்தக் காயத்துக்கான மாதப் பங்கு கிடையாது. வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதோ, தங்கை கல்யாணம் வரும்போதோ அந்தத் தொகை பெரிதாகத் தெரியும். 30 வயதுக்காரருக்கு அது நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். கையெழுத்துப் போடும் முன் ஆயுள் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி எல்லோரும் பயப்படும் அந்த நான்கு எழுத்து: என்.ஏ.என்.ஏ. பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல என்று போர்டு எழுதுவதன் சுருக்கம். உடைந்த எலும்புக்கு, அதுவும் ரோந்தில் உடைந்ததற்கு, இப்படி எழுதுவது கடினம். ஆனால் மூன்று நான்கு மாதம் படுக்கையில் கிடந்த சிப்பாய்க்கு ரத்த அழுத்தம், மன அழுத்தம், தூக்கமின்மை என்று கூடவே வரும். அவற்றைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்.ஏ.என்.ஏ. போடுவது வழக்கம். கவனியுங்கள்.

இதற்கு எதிராக நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் 2013 ஜூலையில் வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. சிக்னல்ஸ் பிரிவில் 1985-ல் சேர்ந்தவர், சுமார் ஒன்பது வருடம் கழித்து வலிப்பு நோய் என்று 20 சதவீத ஊனத்தோடு வெளியே அனுப்பப்பட்டார். பென்ஷன் இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் விதிகளையே எடுத்துப் படித்துச் சொன்னது இது: சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் ஆரோக்கியமாகச் சேர்ந்தார் என்றுதான் கொள்ள வேண்டும். பிறகு உடம்பு கெட்டால் அது பணியால் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, சந்தேகம் வந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு. 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கு இதை இன்னும் அழுத்தியது. அதே வருட டிசம்பரில் ராம் அவதார் வழக்கு, மேலே சொன்ன 50-75-100 உயர்த்தல் சேவைக் காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றது. 2025 மே மாதம், காரணம் எழுதாத போர்டு அறிக்கையை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்று ராஜுமோன் வழக்கில் சொன்னார்கள். அது மனநோய் சம்பந்தப்பட்டது.

இவற்றில் முக்கியமானவை பழைய விதிகளின்கீழ் வந்த தீர்ப்புகள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2008-ல் விதி மாறியது. அதில் ஒரு விஷயம், வெளியே வந்து 15 வருடம் கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவர் மேல் விழும். 2023 செப்டம்பர் 21 முதல் இன்னொரு புதிய விதித் தொகுப்பு. பணியில் தொடர்ந்து காலம் முடிந்து போகிறவருக்கு அதில் 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று வேறு பெயரில், வேறு நிபந்தனைகளோடு கொடுக்கிறார்கள். ஊன ஓய்வூதியம் வாங்குபவர்களில் அதிகாரிகளின் விகிதம் சிப்பாய்களைவிட மிக அதிகம் என்று தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியதன் பின்னணியில் வந்த மாற்றம் இது. அதிகாரிகளின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தப் போட்ட கயிறு, பனியில் விழுந்த நாயக்கின் காலிலும் சுற்றிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதே என் கவலை. தம்பிக்கு எந்த வருட விதி பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

விடுப்பில் அடிபடுவது பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊர்ப் பையன்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. லீவில் ஊருக்கு வந்து பைக்கில் விழுந்தால் கிடைக்காது, 2011-ல் ஜுஜார் சிங் வழக்கில் சொல்லியாயிற்று. பணியிடத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான பயணத்தில் நடந்தால் கதை வேறு. 1999-ல் மதன் சிங் ஷெகாவத் வழக்கில், சொந்தச் செலவில் ஊருக்குப் போனார் என்ற காரணத்தைக் காட்டி மறுத்ததை ஏற்காமல் நீதிமன்றம் பென்ஷன் கொடுக்கச் சொன்னது. அதனால் லீவ் சர்டிபிகேட்டையும் டிக்கெட்டையும் கிழித்துப் போடாதீர்கள்.

போர்டு நடக்கும் நாளுக்கு வருவோம். தம்பியின் கையெழுத்துக் கேட்பார்கள். படித்துப் பார்க்காமல் போடக்கூடாது, ஆங்கிலம் தடுமாறினால் வார்டில் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளட்டும். 'எப்படி ஏற்பட்டது', 'பணியில் இருந்தாரா', சதவீதம், எத்தனை காலத்துக்கு என்ற நான்கு இடங்களையும் பார்த்தால் போதும். ஒப்பவில்லை என்றால் ஒப்பவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதற்காகத் தண்டிக்க மாட்டார்கள். போர்டு நடவடிக்கையின் நகலைக் கேட்டு வாங்கலாம், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

பென்ஷனை மறுத்தோ குறைத்தோ கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இரண்டாவது. இரண்டும் துறைக்குள்ளேயே நடப்பவை, பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், ஆனால் செய்யாமல் விடவும் கூடாது. அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, தமிழ்நாட்டுக்காரருக்கு சென்னை அமர்விலேயே வழக்குப் போடலாம், டெல்லிக்கு ஓட வேண்டாம். தாமதமாகப் போனால் உரிமை செத்துவிடாது, ஆனால் பாக்கித் தொகை வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் வரும் என்பது 2008-ல் தர்செம் சிங் வழக்கிலிருந்து பொதுவாகப் பின்பற்றப்படுவது. உட்கார்ந்திருந்தால் நஷ்டம் அந்த அளவுக்கு.

பென்ஷன் கிடையாது என்று ஊரில் பயமுறுத்தியவர் சொன்னதிலும் ஒரு துளி உண்மை உண்டு. காயம் பணியால் அல்ல என்று முடிவானால் கிடைப்பது 'இன்வாலிட் பென்ஷன்' மட்டும், அதற்கு 10 வருட சேவை வேண்டும் என்று இருந்தது. தம்பிக்கு 13 ஆகிவிட்டதால் அந்த அடிமட்டமும் பாதுகாப்பாக இருக்கிறது. 10 வருடம் முடியாதவர்களுக்கும், வெளியே வேறு வேலையும் செய்ய முடியாத நிலை என்றால் கொடுக்கலாம் என்று 2020 ஜூலையில் நீட்டித்தார்கள்.

இதைப் படிக்கும் வேறு வீட்டாருக்கு இரண்டு எச்சரிக்கை. அக்னிவீராகச் சேர்ந்த பையனுக்கு மேலே சொன்ன மாதப் பென்ஷன் கணக்கு எதுவும் பொருந்தாது. அவருக்குப் பணியால் வந்த ஊனம் 100, 75, 50 சதவீதம் என்பதைப் பொறுத்து 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் என்று ஒரே தடவைத் தொகை, மீதிக் காலத்துச் சம்பளம், சேவா நிதி என்கிற சேமிப்புத் தொகை. அவ்வளவுதான். இன்னொன்று, சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்றவை உள்துறையைச் சேர்ந்தவை. ஊரில் எல்லாவற்றையும் 'மிலிட்டரி' என்றுதான் சொல்வோம், ஆனால் அவர்களுக்கு விதிகள் வேறு, வழக்கு உயர் நீதிமன்றத்தில், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் அல்ல.

வைத்தியம். பணியில் இருக்கும்வரை ராணுவ மருத்துவமனையே எல்லாம். முன்களத்தில் ரெஜிமென்ட் டாக்டரில் தொடங்கி, ஸ்ரீநகர் 92 பேஸ் ஹாஸ்பிடல், உதம்பூர் கமாண்ட் ஹாஸ்பிடல், டெல்லி ஆர்மி ஹாஸ்பிடல் என்று நிலை நிலையாக மேலே போகிற அந்தச் சங்கிலி நம் நாட்டின் எந்தச் சிவில் ஏற்பாட்டையும்விட ஒழுங்காக வேலை செய்வது. கை கால் இழந்தவர்களுக்கு 1944 முதல் புனேயில் செயற்கை உறுப்பு மையம். இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களுக்கு புனேயை ஒட்டிய கிர்க்கியிலும் மொகாலியிலும் மறுவாழ்வு மையங்கள். ஊனமடைந்த வீரர்களுக்குத் தொழில் கற்றுத்தர 1917-ல் தொடங்கிய குயின் மேரிஸ் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் இன்னும் கிர்க்கியில் நடக்கிறது. புனேயிலேயே ராணுவத்தின் பாராலிம்பிக் பயிற்சி மையமும் இருக்கிறது. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர்தான் 1972-ல் ஹைடெல்பெர்கில் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வாங்கியவர். 2002-ல் கண்ணிவெடியில் கால் இழந்த ஹொகாட்டோ சேமா 2024 பாரிஸில் குண்டெறிதலில் வெண்கலம் வாங்கினார். தம்பி சோர்ந்து கிடந்தால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். வார்டில் டாக்டர் சொல்வதைவிட இது அதிகம் ஏறும்.

முதுகெலும்புக் காயத்தில் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. உணர்ச்சி குறைந்த இடத்தில் படுக்கைப்புண் வந்தால் வலி தெரியாது. புண் ஆழமாகி எலும்பு வரை போன பிறகு நாற்றத்தில்தான் கண்டுபிடிப்பார்கள். லீவில் வீட்டுக்கு அனுப்பும்போது இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, குதிகால், இடுப்பு, வால் எலும்பு ஆகிய இடங்களைக் கண்ணாடி வைத்துத் தினமும் பார்ப்பது, சிறுநீர்க் குழாய் இருந்தால் அதன் சுத்தம் ஆகியவற்றை நர்சிங் அசிஸ்டென்ட் ஒருவரிடம் கையால் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் தாளில் இது இரண்டு வரியில்தான் இருக்கும்.

வெளியே வந்தபின் இ.சி.எச்.எஸ்., முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் முதல் இருக்கும் திட்டம். பாலிகிளினிக்கில் பதிந்து, அங்கிருந்து ஒப்பந்தத் தனியார் மருத்துவமனைகளுக்குக் கடிதம் வாங்கிப் போகலாம். மனைவிக்கும் சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு. சேரும்போது எல்லோரும் ஒரு தொகை கட்ட வேண்டும், போரில் ஊனமுற்றவர் என்ற சான்று இருந்தால் அது வேண்டாம். மேலே 'பேட்டில்', 'ஃபிசிகல்' என்று நான் இவ்வளவு நேரம் வளர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவரின் ஊன ஓய்வூதியத்துக்கு வருமான வரி கிடையாது. 100 சதவீத ஊனம், கூடவே ஆள் வேண்டும் என்று போர்டு எழுதினால் அதற்குத் தனிப்படி. ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியிலிருந்து ஊனத்துக்கான தொகை வரும், அதை ரெக்கார்ட் ஆபீஸ் (சிப்பாயின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) தானாகச் செய்யும் என்று நம்பி விட்டுவிடாமல் கேட்டு வையுங்கள்.

நீங்கள் ஊரிலிருந்தே இந்த வாரம் செய்யக்கூடியது, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் உதவி இயக்குநரைப் பார்ப்பது. தம்பி இன்னும் பணியில் இருப்பவர்தானே என்று தயங்க வேண்டாம், பணியில் இருப்பவர் குடும்பத்துக்கும் அந்த அலுவலகம்தான். தம்பியின் ஆர்மி நம்பர், ரெக்கார்ட் ஆபீஸ் பெயர், விழுந்த தேதி, மருத்துவமனை பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். காய அறிக்கையின் நகலையும் பார்ட் டூ ஆர்டர் எண்ணையும் கேட்டு யூனிட்டுக்கு ஒரு கடிதம் போட உதவச் சொல்லுங்கள். பதில் 'ஃபிசிகல் கேஷுவாலிட்டி' என்று வந்தால், போர்டுக்குக் காத்திருக்காமல், கூட ரோந்து போனவர்களின் பெயரைக் குறிப்பிட்டு, அதை மாற்றச் சொல்லித் தம்பியே கமாண்டிங் ஆபீசருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கட்டும். கூட இருந்தவர்கள் இன்னும் அதே யூனிட்டில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை அது.